சிவப்பு டிரேயில் சுழன்றவை

என் கையைப் பற்றி நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பதினொரு வருடம் மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், டீசல் என்ஜினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் நாஸில்களைப் பரிசோதித்தவள் நான். அந்த நாஸிலின் முனையில் இருக்கும் துளைக்குள் ஒரு தலைமுடி போனாலே அதிகம். துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் வண்டி புகை கக்கும். இடுக்கியில் பிடித்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் திருப்பி, ஓரம் வழவழப்பாக வட்டமாக இருந்தால் பச்சைப் பெட்டி, இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி. ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் பார்ப்பேன். என் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. நிக்காஹ் அன்று புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட நடுங்கவில்லை. மாப்பிள்ளையின் கைதான் நடுங்கியது. அதை அவர் இன்று வரை ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிறகு தொழிற்சாலைக்குக் கேமரா வந்தது. நான் பார்ப்பதை அது ஒரு நொடியில் பார்த்தது. டீ குடிக்கப் போகவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கவில்லை. எங்கள் பிரிவில் இருந்த எல்லாரையும் ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் என் கணவருக்கு ஒரு மோட்டார் ஸ்பேர்ஸ் கடை உண்டு. ஒன்றரை வருடம் அங்கே உட்கார்ந்து பிரேக் ஒயரும் கிளட்ச் கேபிளும் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் வருகிறவர்களின் வண்டிச் சத்தத்தை வைத்தே 'நாஸில் போச்சு' என்று நான் சொல்ல ஆரம்பித்தபோது, 'நீ வேற வேல தேடிக்க' என்றார்.

அப்படித் தேடித்தான் பள்ளிக்கரணைக்கு வந்து சேர்ந்தேன். வேளச்சேரி சாலையில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் சின்ன ஆய்வகம். ஜன்னலைத் திறந்தால் சதுப்பு நிலம், கூழைக்கடாக்கள், காற்று திரும்பினால் குப்பை வாடை. மைக்ரோஸ்கோப் பழக்கம் உள்ள உதவியாளர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆய்வகத்தின் தலைவியை எல்லாரும் மேடம் என்பார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, காட்டன் புடவை, சுருக்கமாகப் பேசுகிறவர்.

"மீன் ஏதாவது வளத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். சாப்பிட்டிருக்கேன்."

சிரித்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார்.

நான் வளர்க்க வேண்டியது மீன் இல்லை, கடல் சாமந்தி. கடல் அனிமோன் என்பார்கள். பெயரைப் பார்த்துப் பெரிதாக நினைக்க வேண்டாம். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, கண்ணாடி மாதிரி வெளிறிய உடம்பு, உச்சியில் மெல்லிய கைகள். மூளை கிடையாது, எலும்பு கிடையாது. வாய் ஒன்றுதான், போவதும் வருவதும் அதே வழி. வீட்டில் சொன்னபோது என் கணவர், "சாமந்திக்கு வேலைக்குப் போறியா, அப்ப மொழம் எவ்ளோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு வாரம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

வேலை என்னவோ எளிது. கடலின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு உப்புள்ள நீரை மாற்ற வேண்டும். பொரிந்த இறால் குஞ்சுகளைச் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். கிண்ணங்களைச் சோப்பு படாமல் கழுவ வேண்டும். சோப்பு பட்டால் செத்துவிடும். அவற்றை இருட்டிலேயே வைத்திருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டைமர் போட்டு, வெளிச்சமும் கொஞ்சம் வெதுவெதுப்பும் கொடுத்தால் மறுநாள் காலையில் முட்டையிடும். வெந்த ஜவ்வரிசிபோல ஒரு கூழுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். அதற்கு அப்புறம் நடப்பதெல்லாம் மேடத்தின் வேலை, அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண்ணின் வேலை. நான் பக்கத்தில் போவதில்லை.

ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? அந்தப் பெண் சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒரு முட்டையில் இது வாய்ப்பக்கம், இது வால்பக்கம் என்று எழுதி ஒட்டியிருப்பதில்லையாம். அது பிளந்து பிளந்து ஒரு பந்தாகும்போது, ஒரு குறிப்பிட்ட புரதம் ஒரு பக்கத்தில் மட்டும் சேர்ந்து, அந்தப் பக்கத்து உயிரணுக்களின் உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களைத் தட்டி எழுப்பும். எழுந்தவை வேறு சிலவற்றை எழுப்பும். கடைசியில் பந்தின் அந்தப் பக்கம் உள்ளே குழியும். கொழுக்கட்டை மாவு உருண்டையில் கட்டைவிரலை அழுத்துகிற மாதிரி. குழிந்தது வயிறு, குழியின் விளிம்பு வாய். "நமக்கும் கிட்டத்தட்ட இதே புரதம்தான்கா வேல செய்யுது" என்பாள். நான் என் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டு யோசிப்பேன்.

அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் செய்தியை முட்டைக்குள்ளேயே அழித்துவிட்டால் குழி விழாது என்பது அவள் கண்டுபிடிப்பு. அதை எழுதி ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார்கள். படித்துப் பார்த்தவர்கள், இந்தச் சோதனையை இன்னொரு முறை செய்து படம் காட்டினால்தான் ஒப்புக்கொள்வோம் என்று தேதி குறித்து எழுதிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து, மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவள் மேடவாக்கம் திருப்பத்தில் மணலில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு.

அந்தச் சோதனைக்குக் கைதான் முக்கியம். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, முனை கண்ணுக்கே தெரியாத ஊசி ஒன்று செய்வார்கள். அதன் வழியாக, செய்தியை அழிக்கும் மருந்தை ஒவ்வொரு முட்டைக்குள்ளும் செலுத்த வேண்டும். மருந்தோடு சிவப்பு மையும் கலந்திருக்கும், போனதா இல்லையா என்று தெரிவதற்கு. முட்டை முதல் முறை பிளப்பதற்குள், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். மேடம் முயன்று பார்த்தார். அவர் கைக்கு முட்டைகள் உடைந்தன. பக்கத்தில் கிண்ணம் துடைத்துக்கொண்டிருந்த நான், ஊசியின் முனையை எட்டிப் பார்த்தேன். நாஸில். வேறொன்றும் இல்லை, என் நாஸில்தான், கண்ணாடியில் செய்தது.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா மேடம்?"

மிச்சமிருந்த கருவுறாத முட்டைகளைக் கொடுத்தார். முதல் பத்து உடைந்தது. அடுத்த பத்தில் நான்கு உடைந்தது. அப்புறம் உடையவில்லை. மேடம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். கேமராவால் இதைச் செய்ய முடியுமா என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது.

அப்படிப் பழகியதில் ஒரு பெட்டி சாமந்தியின் முட்டை தீர்ந்தது. அந்தப் பெட்டிக்கு இனி மூன்று வாரம் ஓய்வு. மீதி இருந்தது ஒரே ஒரு பெட்டி. பத்திரிகை கொடுத்த கெடுவுக்குப் பத்து நாள். ஆக, அந்தப் பெட்டி ஒரு காலையில் போடப்போகும் முட்டைகள்தான் அவளுடைய கட்டுரை, என்னுடைய வேலை, எல்லாம்.

அந்தக் காலையில் முட்டை நன்றாக வந்தது. கூழைக் கரைத்து, கருவுறச் செய்து, இரண்டு தட்டுகளாகப் பிரித்தோம். முதல் தட்டுக்கு மருந்து. இரண்டாவதற்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எந்தச் செய்தியையும் அழிக்காத வெறும் மருந்து. பிஸ்மி சொல்லி உட்கார்ந்தேன். எழுந்தபோது முதுகு விறைத்திருந்தது. இரண்டு தட்டுகளிலும் முட்டைகள் சிவப்பாக, உடையாமல் இருந்தன. மேடத்துக்கு நகரத்துக்குள் ஒரு கூட்டம். கிளம்பும்போது, "சாயங்காலம் ஒரு தடவ பாத்து, கெட்டுப்போனதெல்லாம் எடுத்துடுங்க. ஒண்ணு கெட்டா தண்ணி கெட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கெட்டுப்போனதை எடுப்பது. பதினொரு வருடம் சம்பளம் வாங்கியது அதற்குத்தானே. இந்த வேலையை எனக்குச் சொல்லியா தர வேண்டும் என்று நினைத்தேன்.

நான்கு மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கோணல் மாணலாக இருந்தன. ஒன்றில் பெரிதும் சிறிதுமாக உயிரணுக்கள். ஒன்று ஒரு பக்கம் பிதுங்கி, இன்னொரு பக்கம் அமுங்கி. ஒன்று எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. ஒன்றைப்போல ஒன்று இல்லை. தொழிற்சாலையில் எதையும், சரியான அளவுக்கு மாதிரியாக வைத்திருக்கும் மாஸ்டர் பீஸோடு ஒப்பிடாமல் முடிவு சொல்ல மாட்டோம். எனவே சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தது: முட்டை இரண்டாக, நான்காக, எட்டாக, கோடு போட்டு வெட்டியதுபோலப் பிளந்து, கடைசியில் அழகான வட்டப் பந்தாவது. நான் பார்த்துக்கொண்டிருந்தவை அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

என் ஊசிதான் காரணம் என்று முடிவு செய்துவிட்டேன். உடையவில்லை என்று பெருமைப்பட்டேனே, உள்ளுக்குள் நசுக்கியிருக்கிறேன் போல. ஊசியே போடாத முட்டைகள் கொஞ்சம் வேறு கிண்ணத்தில் இருந்தன. அதை ஒரு தடவை பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. தன் மேல் தப்பு என்று முடிவு கட்டியவளுக்கு அதற்கு மேல் பார்க்கத் தோன்றாது.

எடுக்க ஆரம்பித்தேன். ஓரம் வழவழவென்று, வட்டமாக, பிசிறில்லாமல் இருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டு தட்டுகளிலும் சேர்த்துத் தேறியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ரிஜெக்ட்.

இங்கே தொழிற்சாலைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவப்புப் பெட்டிக்குப் போனது குப்பை இல்லை. பரிசோதிக்கிறவள் ஒதுக்கலாம், தூக்கி எறிய முடியாது. ஒரு சீட்டில் நேரம், எண்ணிக்கை, காரணம் எழுதிக் கட்ட வேண்டும். அடியில் 'முடிவு' என்று ஒரு கட்டம் இருக்கும். இன்ஜினீயர் வந்து பார்த்து, அதில் ஏற்பு என்றோ அழிப்பு என்றோ எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது அசையும். பதினொரு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் ஒருமுறைகூட பேனா வைத்ததில்லை. வைக்கக் கூடாது.

அதனால் இரண்டு புதுத் தட்டுகளில் நல்ல நீர் ஊற்றி, முதல் தட்டின் ரிஜெக்டை ஒன்றிலும் இரண்டாவதன் ரிஜெக்டை மற்றதிலும் விட்டேன். ஆய்வகத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரே இருந்தது. அதில் இரண்டையும் வைத்து, மூடி, சீட்டு எழுதி ஒட்டினேன். காரணம்: ஒழுங்கற்ற வடிவம். முடிவு: காலி. மேசைக்குக் கீழே தள்ளினேன்.

அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, எப்டி இருக்கு?"

"பாத்துகினு இருக்கேன்மா" என்றேன். அவள் வேறு ஏதாவது கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் என் கணவர் முகத்தைப் பார்த்தார். "இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"கை போச்சுங்க" என்றேன்.

பதறிப்போய் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு நாள் வேலைல தெரிஞ்சிடுமா? காலைல போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவரே எழுந்து போய்த் தோசை ஊற்றினார். சாமந்தி என்று கேலி செய்யவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் கேம்ப் ரோடு நெரிசலில் பஸ் நின்று நின்று போனது. ஆய்வகத்தில் யாரும் வருவதற்குள் நான் தேர்ந்தெடுத்த நல்ல முட்டைகளைப் பார்த்தேன். அவை அப்படியே வட்டமாக இருந்தன, சில கலங்கிப்போய், சில உடைந்து. ஒன்றுகூட உயிரோடு இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இதெல்லாம் கருவே ஆகாத முட்டை. பிளக்கவே இல்ல. மத்ததெல்லாம் எங்க?"

"அதெல்லாம் கோணலா இருந்துச்சு மேடம். அந்தப் படத்துல இருக்கற மாதிரி இல்ல."

சுவரைப் பார்த்தார். "அது கடல் முள்ளெலின்னு வேற ஒரு பிராணியோட படம். நம்ம அனிமோன் இப்படித்தான் கண்டபடி பிளக்கும். கோணலா இருந்தாத்தான் அது உயிரோட இருக்குன்னு அர்த்தம்." குரலைத் தாழ்த்தி, பயந்துகொண்டே கேட்பவர் மாதிரி கேட்டார்: "கொட்டிட்டீங்களா?"

எனக்கு எங்கிருந்து அந்த ரோஷம் வந்ததோ தெரியாது. எழுந்து நின்றேன்.

"ரிஜெக்ட்ட நாங்க கொட்ட மாட்டோம் மேடம். கையெழுத்து ஆகாம எங்க கையிலேந்து ஒண்ணும் வெளிய போகாது."

மேசைக்குக் கீழிருந்து சிவப்பு டிரேயை இழுத்தேன். மேடம் அந்தச் சீட்டைப் படித்தார். நேரம், எண்ணிக்கை, தட்டு ஒன்று, தட்டு இரண்டு, காரணம். பிறகு இரண்டாவது தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து எனக்கு இடம் விட்டார்.

கோணல் மாணல் எல்லாம் எங்கே போனதோ. எல்லாம் பந்துகளாகியிருந்தன. நின்ற இடத்தில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் நான் செலுத்திய சிவப்பு. சிலவற்றில் ஒரு பக்கம் லேசாக உள்ளே வாங்க ஆரம்பித்திருந்தது. நான் நசுக்கவில்லை. ஒன்றைக்கூட நசுக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்து, பார்ப்பதே மறைந்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

அன்று பிற்பகல் வரை மேடம் மணிக்கொரு தரம் படம் எடுத்தார். இரண்டாவது தட்டில் குழி விழுந்து, ஆழமாகி, வாய் தெரிந்தது. முதல் தட்டில், அந்தச் செய்தி அழிக்கப்பட்ட தட்டில், பந்துகள் பந்துகளாகவே சுழன்றன. உள்ளே மடங்கவில்லை. பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண் சொன்னது அதுதான். அவள் சொன்னபடியே நடந்திருந்தது. மூன்றாம் நாள் இரண்டாவது தட்டில் உள்ளவை நீந்தின. ஒரு வாரத்தில் அடியில் உட்கார்ந்து நான்கு கைகளை நீட்டின. அவற்றுக்கு முதல் இறாலை ஊட்டியவள் நான்தான்.

மேடம் படம் எடுத்த அன்றே அவள் மாவுக்கட்டோடு ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். படங்களைப் பார்த்துவிட்டு, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க மட்டும் நேத்து அத சிங்க்ல ஊத்தியிருந்தா" என்று ஆரம்பித்தாள்.

"ஊத்த மாட்டேன்" என்றேன். "நீ வேணா ஊத்துவ. நாங்க அந்த மாதிரி வேல பாத்தவங்க இல்ல." கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். அன்றைக்கு அந்தத் திமிருக்கு எனக்கு உரிமை இருந்தது.

அதற்காக நான் செய்த தப்பு தப்பு இல்லை என்று ஆகிவிடாது. மேடம் அதையும் சொன்னார். தெரியாத ஒன்றைக் கேட்காமல் முடிவு செய்ததைச் சொன்னார், ஊசி போடாத கிண்ணத்தைப் பார்க்காததைச் சொன்னார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். அன்று மாலையே கடல் முள்ளெலி படத்தைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டு, நம்முடைய கோணல்களைப் படமெடுத்து வரிசையாக ஒட்டினோம். இப்போது அதுதான் எங்கள் மாஸ்டர் பீஸ். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தால் எனக்குப் பயங்கர மகிழ்ச்சி.

கட்டுரை கெடுவுக்குள் போனது, ஏற்றுக்கொள்ளப்பட்டது. என் மூன்று மாதமும் அதற்குள் முடிந்து, யாரும் பேச்சே எடுக்காமல் நான் நிரந்தரமாகிவிட்டேன். இதெல்லாம் பிற்பாடு. நான் சொல்ல வந்தது சிவப்பு டிரேயைத் திறந்த அந்த நாள் சாயங்காலத்தில் நடந்ததை.

கிளம்பும் நேரம். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். மேடம் கூப்பிட்டார். சிவப்பு டிரே மேசை மேல் இருந்தது. சீட்டு அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

"இது இன்னும் முடியலையே" என்று அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டினார்.

"அது நீங்க போடணும் மேடம். நாங்க போடக் கூடாது."

"இங்க யாரு அப்படிச் சொன்னா? ஊசி போட்டது நீங்க. காப்பாத்துனது நீங்க. நீங்களே எழுதுங்க."

பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். 'ஏற்பு' என்று எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பீரோவில், நிக்காஹ் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். போன வாரம் என் கணவர் எதையோ தேடும்போது அது கீழே விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோணிக்கொண்டு போயிருந்த அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நடுங்கியிருக்கே" என்றார்.

"ஆமா" என்றேன்.